படம் தொகுக்க எந்த மென்பொருள்?

திண்டுக்கல் கடைத்தெருவில் பூட்டு வாங்கப் போயிருக்கிறீர்களா? கடைக்காரர் உடனே விலையைச் சொல்லிவிடமாட்டார். "எதுக்குப் பூட்டு தம்பி? பெட்டிக்கா, வீட்டுக்கா, கிடங்குக்கா?" என்று கேட்பார். பதிலைக் கேட்ட பிறகுதான் அலமாரிப் பக்கம் திரும்புவார். தகரப் பெட்டிக்குக் கிடங்குப் பூட்டைப் போட்டால் வளையம் வளைந்துவிடும். கிடங்குக்குப் பெட்டிப் பூட்டைப் போட்டால் சரக்கு போய்விடும்.

வீடியோப் படம் தொகுக்கும் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதும் இப்படித்தான். "எளியது நல்லதா, பெரியது நல்லதா?" என்று மாணவர்கள் பலர் கேட்கிறார்கள். "எதற்கு?" என்பதுதான் முதற்கேள்வி. அந்த ஒரு கேள்வியை எப்படிக் கேட்டு விடை காண்பது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

ஒரு படம் எடுப்போம்

நீங்கள் கன்னிவாடியில் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பள்ளி அறிவியல் மன்றத்தின் சார்பில், உளுந்து விதைநேர்த்தி பற்றி 3 நிமிடப் படம் ஒன்று எடுக்கிறீர்கள். டிரைக்கோடெர்மா விரிடி என்பது நன்மை செய்யும் ஒரு பூஞ்சாணம். இதை ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் வீதம் கலந்து விதைத்தால் வேரழுகல் நோய் குறையும். இது உயிருள்ள பொருள். ஆகவே இரசாயனப் பூஞ்சாணக் கொல்லியோடு இதைச் சேர்த்துக் கலக்கக்கூடாது.

அனுபவமுள்ள உழவர் ஒருவர் செய்துகாட்ட, கைபேசியில் 40 நிமிடங்களுக்குப் படம் பிடித்துவிட்டீர்கள். அதை 3 நிமிடமாகச் சுருக்க வேண்டும். இங்கே ஒரு பொறுப்பு உங்கள் தலையில் ஏறுகிறது. உங்கள் படத்தைப் பார்த்து ஒருவர் நாளை தம் விதையில் மருந்து கலக்கப் போகிறார். தராசில் 4 கிராம் தெரியும் காட்சி அரை விநாடியில் ஓடிவிட்டால் அவர் அளவைத் தவறாகக் கொள்ளக்கூடும். "சேர்த்துக் கலக்கக்கூடாது" என்னும் சொற்கள் வெட்டுப்பட்டுப் போனால் மருந்து வீணாகும், பயிரும் நோயில் விழும். எனவே, இந்தப் படத்தில் கத்தரி வைப்பது விளையாட்டுக் காரியமன்று.

பார்ப்பவர் என்ன கேட்கிறார்?

திரையின் வழியாக உழவருக்குச் செய்தி சொல்லும் முயற்சி திண்டுக்கல் மாவட்டத்துக்குப் புதிதன்று. இஸ்ரோவும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து 2004-ஆம் ஆண்டு தொடங்கிய கிராம வள மையங்களில் ஒன்று இம்மாவட்டத்துச் செம்பட்டியில் அமைந்தது. செயற்கைக்கோள் வழியாகச் சென்னையிலிருக்கும் வல்லுநரும் கிராமத்து உழவரும் ஒருவரையொருவர் திரையில் கண்டு பேச அது வழி செய்தது.

பிறகு 2006-இல் பெங்களூரில், மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சி நிலையத்தில் 'டிஜிட்டல் கிரீன்' என்னும் திட்டம் உருவாயிற்று. உள்ளூர் உழவர்களையே சாதாரணக் கேமராவில் படம் பிடித்து, அதை அண்டைக் கிராமங்களில் போட்டுக் காட்டினார்கள். கர்நாடகக் கிராமங்களில் 13 மாதங்கள் நடத்திய சோதனையில், செலவழித்த பணத்துக்குக் கிடைத்த பயன் வழக்கமான முறையைப்போல் சுமார் 10 மடங்கு என்று கண்டார்கள்.

படத்தைப் பார்த்த உழவர்கள் பெரும்பாலும் முதலில் என்ன கேட்டார்கள் தெரியுமா? "படத்தில் இருப்பவர் பெயர் என்ன? எந்த ஊர்க்காரர்?" என்பதே அவர்கள் கேள்வி. தம்மைப்போன்ற ஒருவர் செய்கிறார் என்ற நம்பிக்கையே அவர்களை இழுத்தது. காட்சி சுழன்று மறைந்ததா, எழுத்து பறந்து வந்ததா என்பது அவர்களுக்குப் பொருட்டாக இல்லை. நாம் தேடும் விடையில் பாதி இதிலேயே இருக்கிறது.

வேலைப் பட்டியல்

மென்பொருளைத் திறக்குமுன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் படத்துக்கு வேண்டிய வேலைகளை எழுதுங்கள். நம் விதைநேர்த்திப் படத்துக்குப் பட்டியல் இப்படி அமையும்:

1. வேண்டாத பகுதியை வெட்டி எறிதல்.
2. எடை போடுதல், கலத்தல், நிழலில் உலர்த்துதல், விதைத்தல் ஆகியவற்றை வரிசைப்படுத்துதல்.
3. உழவரின் பெயரையும் ஊரையும், '1 கிலோ விதைக்கு 4 கிராம்' என்பதையும் எழுத்தில் காட்டுதல்.
4. காற்றின் இரைச்சலைக் குறைத்துக் குரலை உயர்த்துதல்.
5. உழவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, அவர் முகத்துக்குப் பதிலாக அவர் கை செய்வதைக் காட்டுதல்.

முதல் நான்கையும் எளிய மென்பொருள்கள் பெரும்பாலும் செய்துவிடும். ஐந்தாவதில்தான் வேறுபாடு தோன்றுகிறது. குரல் ஒரு துண்டிலிருந்தும் காட்சி வேறொரு துண்டிலிருந்தும் வரவேண்டும். அதற்கு ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு 'தடங்கள்' தேவை. மிக எளிய மென்பொருள்களில் காட்சிக்கு ஒரே தடம்தான் இருக்கும். ரயில் பெட்டிகளைப்போல் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கலாமே தவிர, ஒன்றின்மேல் மற்றொன்றை வைக்க இயலாது.

ஆகவே நமக்கு இரண்டு தடமாவது உள்ள மென்பொருள் வேண்டும். கைபேசிச் செயலிகள் சிலவற்றில் இவ்வசதி உண்டு. கணிப்பொறியில் ஓபன்ஷாட், ஷாட்கட், கேடென்லைவ் ஆகிய மூன்றிலும் உண்டு. இம்மூன்றும் கட்டணமில்லாத, கட்டற்ற மென்பொருள்கள். லினக்ஸிலும் விண்டோஸிலும் இயங்குபவை.

பட்டியலில் இல்லாத வேலைகளையும் கவனியுங்கள். நான்கு கேமராக்களை ஒத்திசைப்பது, ஒவ்வொரு காட்சியின் நிறத்தையும் நுட்பமாகச் சமன்செய்வது, ஒருவரை வெட்டியெடுத்து வேறு பின்னணியில் நிறுத்துவது ஆகியவை நம் படத்துக்குத் தேவையில்லை. டாவின்சி ரிசால்வ், அடோபி பிரீமியர் போன்ற பெரிய மென்பொருள்கள் இவற்றுக்காகவே சிறப்புப் பெற்றவை. முன்னதில் கட்டணமில்லாப் பதிப்பும் கிடைக்கிறது. பின்னதற்குச் சந்தா கட்டவேண்டும்.

கணிப்பொறி ஏன் திணறுகிறது?

"பெரியதையே வைத்துக்கொண்டால் என்ன? வேண்டியதை மட்டும் பயன்படுத்தலாமே!" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். விடை காணச் சிறிது கணக்குப் போடுவோம்.

உங்கள் கைபேசிப் படத்தின் ஒரு சட்டத்தில் 1920 × 1080 புள்ளிகள், அதாவது 20,73,600 புள்ளிகள் உள்ளன. ஒரு புள்ளியின் நிறத்தைக் குறிக்க 3 பைட்டுகள் வேண்டுமானால், ஒரு சட்டத்துக்கு ஏறத்தாழ 62 இலட்சம் பைட்டுகள் ஆகும். விநாடிக்கு 25 சட்டங்கள் என்று கொண்டால் விநாடிக்கு 15½ கோடி பைட்டுகள். ஒரு நிமிடத்துக்கோ 930 கோடிக்கும் மேல், அதாவது 9.3 கிகாபைட்!

ஆனால் கைபேசியில் ஒரு நிமிடப் படம் பெரும்பாலும் 100 முதல் 150 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடுகிறது. சுமார் 70 மடங்கு சுருங்கியது எப்படி? எல்லாச் சட்டங்களையும் கைபேசி முழுமையாக எழுதிவைப்பதில்லை. எப்போதாவது ஒரு சட்டத்தை முழுமையாக எழுதும். அடுத்தடுத்த சட்டங்களில் என்ன மாறியது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளும். உழவரின் கை அசைகிறது, பின்னால் இருக்கும் சுவர் அசையவில்லை. சுவரை மறுபடி எழுதுவானேன்?

சேமிப்புக்கு இது நல்ல தந்திரம். தொகுப்பவருக்குத்தான் தொல்லை. நடுவிலுள்ள ஒரு சட்டத்தில் வெட்டவேண்டுமானால், கணிப்பொறி பின்னோக்கிச் சென்று முழுச் சட்டத்தைத் தேடி, மாற்றங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து அந்தச் சட்டத்தை மீண்டும் உருவாக்க வேண்டும். இரண்டு தடங்கள் என்றால் இந்த வேலையும் இரட்டிப்பாகும். நிறத் திருத்தமும் மாயத் தோற்றங்களும் சேர்ந்தால் 20 இலட்சம் புள்ளிகளுக்கும் தனித்தனிக் கணக்கு. பெரிய மென்பொருள் இவற்றுக்கென்று மிகுந்த நினைவகத்தையும் தனி வரைகலை அட்டையையும் எதிர்பார்க்கிறது. நினைவகம் குறைந்த பழைய கணிப்பொறியில் அதை ஏற்றினால் திரை உறைந்து நிற்கும். நீங்களும் நிற்பீர்கள்.

இதற்கு ஒரு மாற்று உண்டு. கேடென்லைவ் போன்றவற்றில், படத்தின் சிறிய 'மாற்றுப் படி' ஒன்றைச் செய்துகொண்டு அதில் தொகுக்கலாம். வேலை முடிந்து படத்தை வெளியே எடுக்கும்போது மென்பொருள் மூலப் படத்தையே எடுத்துக்கொள்ளும். பழைய கணிப்பொறி வைத்திருப்பவர்கள் இதை மறக்கவேண்டாம்.

திரையுலகம் சொல்லும் பாடம்

ஒரு காலத்தில் படத்தொகுப்பு என்றால் பிலிம் சுருளை வெட்டி ஒட்டுவதுதான். 1924-இல் ஐவான் செர்ரூரியர் உருவாக்கிய மூவியோலாக் கருவி பல்லாண்டுகள் தொகுப்பாளர்களின் மேசையை ஆண்டது. 1989-இல் அவிட் என்னும் கணிப்பொறி முறை வந்தது. 1994-இல் வெளியான 'மகாநதி' தமிழ்ப் படத்தை, இந்தியாவில் அவிட் முறையில் தொகுத்த முதல் படம் என்று குறிப்பிடுவர்.

2003-இல் வந்த 'கோல்ட் மவுண்டன்' என்னும் ஆங்கிலப் படத்தின் கதை நமக்கு மிகவும் வேண்டியது. அதன் தொகுப்பாளர் வால்ட்டர் மர்ச், ஆஸ்கார் விருது பெற்றவர். விலை மிகுந்த அவிட்டை விட்டுவிட்டு, ஏறத்தாழ ஆயிரம் டாலருக்குக் கடையில் விற்ற ஃபைனல் கட் புரோ மென்பொருளில் அப்பெரும்படத்தைத் தொகுத்தார். அந்தத் தொகுப்பும் ஆஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. எந்தக் காட்சி எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்று முடிவு செய்தது மர்ச்சின் கண்ணும் காதும்தான்.

அப்படியானால் பெரிய மென்பொருள் வேண்டவே வேண்டாமா? அப்படியும் சொல்வதற்கில்லை. இத்தொழிலையே வாழ்க்கையாகக் கொள்ள விரும்பினால் அதைக் கற்றே ஆகவேண்டும். பலர் கூடித் தொகுக்கும் நீண்ட படத்துக்கும் அது வேண்டும். எளியதில் ஒரு வேலையைச் செய்யமுடியாமல் தடுமாறும் நாள் வந்தால், அந்த வேலையின் பெயரைத் தாளில் எழுதுங்கள். அதுவே நீங்கள் மேற்படி ஏறுவதற்கான தக்க காரணம். "நண்பன் வைத்திருக்கிறான்" என்பது காரணமாகாது.

எளிய செயலிகளிலும் பார்க்கவேண்டியவை உண்டு. சில, படத்தின் மூலையில் தம் முத்திரையைப் பதிக்கும். சில, இணையம் இல்லாமல் இயங்கா. சிலவற்றில் செய்த பாதி வேலையை வேறொன்றுக்கு மாற்ற இயலாது. எதில் தொகுத்தாலும் மூலப் படங்களை அழிக்காமல் தனியே பத்திரப்படுத்துங்கள்.

செய்து பாருங்கள்

உங்களிடமுள்ள ஏதேனும் ஒரு நிமிடக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அதே காட்சியை ஓர் எளிய மென்பொருளிலும் ஒரு பெரிய மென்பொருளிலும் தொகுங்கள். கீழ்க்கண்ட நான்கையும் குறிப்பேட்டில் அட்டவணையாக எழுதுங்கள்.

1. தொடங்கியதிலிருந்து முடிக்க எத்தனை நிமிடம் ஆயிற்று?
2. கணிப்பொறி எத்தனை முறை உறைந்து நின்றது?
3. வெளியே எடுத்த படம் எத்தனை மெகாபைட்?
4. படத்தை முன்பு பாராத மூவருக்கு ஒரு படியையும், வேறு மூவருக்கு மற்றதையும் காட்டுங்கள். பிறகு, "ஒரு கிலோ விதைக்கு எத்தனை கிராம்?" என்பதுபோல் படத்தில் சொன்ன முக்கியமான செய்தியைக் கேளுங்கள். எத்தனை பேர் சரியாகச் சொன்னார்கள்?

முதல் மூன்று விடைகளும் மென்பொருளைப் பற்றியவை. நான்காவது விடை உங்கள் படத்தைப் பற்றியது. நான்காவதில் இரண்டும் சமமாக வந்தால், குறைந்த நேரத்தில் முடிந்ததைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய நேரத்தில் அந்த உழவரிடமே சென்று படத்தைப் போட்டுக் காட்டி, "ஐயா, நாங்கள் எதையாவது விட்டுவிட்டோமா?" என்று கேட்டுவாருங்கள். அந்தத் திருத்தத்தை எந்த மென்பொருளாலும் செய்ய முடியாது.