மனை மரமும் மரவடையும்

பழைய கிரயப் பத்திரங்களில் நான்கெல்லை கூறிய பின் ‘மாவடை மரவடை உட்பட’ என்றொரு தொடர் வருதல் காணலாம். விற்போரும் வாங்குவோரும் அதனை வெறும் வாய்பாடெனக் கருதிக் கடந்துவிடுகின்றனர். மரவடை என்பது அந்நிலத்தில் நிற்கும் மரங்களையும் அவற்றின் பயனையும் சுட்டும். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும், பத்திரத்தில் வேறு கருத்து வெளிப்படாதவிடத்து, மண்ணில் வேரூன்றியவை மண்ணோடு வாங்குவோரையே சேரும் என்கிறது. ஆகவே தாய் நட்ட பலாவைத் தமக்கென வைத்துக்கொள்ள விரும்புவோர் அதனைப் பத்திரத்திலேயே எழுதிக்கொள்ளல் வேண்டும். மரம் ஒன்றின் பொருட்டு மனங்கசந்து, ஒருவர் வீட்டு நல்லது கெட்டதற்கு மற்றவர் செல்லாதொழிந்த உடன்பிறந்தார் உளர்.

அச்சட்டத்தில் மற்றொரு நுட்பமும் உண்டு. கனி கொள்ளுதற்கென நிற்கும் மாமரம் அசையாப் பொருள்; அதுவே விரைவில் வெட்டி எடுத்தற்கென விற்கப்படின் அசையும் பொருளாகக் கொள்ளப்படும். மரம் ஒன்றே, கருத்து வேறுபடப் பெயரும் வேறுபடுகிறது.

மரத்தின் மதிப்பை அறிதற்குத் தொல்காப்பிய மரபியல் துணை செய்யும். புறத்தே வயிரம் உடையதைப் புல் என்றும் அகத்தே வயிரம் உடையதை மரம் என்றும் ஆசிரியர் பகுத்தார். அவ்வாறு நோக்கின் பனை, தெங்கு, மூங்கில் ஆகியன புல். வேம்பு, தேக்கு, பலா ஆகியன மரம். இன்றைய தாவரவியலாரும் பனையையும் புல்லையும் ஒருவித்திலைப் பிரிவிலேயே வைத்துள்ளமை வியக்கத்தக்கது. வேம்பின் விலை அதன் அகத்தே உள்ள வயிரத்தைப் பொறுத்தது. புறத்தே பருத்துத் தோன்றுவது உள்ளே பொந்தாகவும் இருக்கலாம். வணிகர் பலர் கண்மதிப்பாக ஒரு தொகை சொல்வர். உரியவர் அதற்கு இசையுமுன் தாமே அளந்து பார்த்தல் நன்று. அடிமரத்தின் நடுவில் சுற்றளவெடுத்து, அதன் கால் பங்கைத் தன்னாற் பெருக்கி, நீளத்தாற் பெருக்குவது வழக்கம். சுற்றளவு 4 அடி, நீளம் 10 அடி எனின் 10 கன அடி. உண்மைக் கன அளவு ஏறக்குறைய 12.7, எஞ்சியது அறுப்புக் கழிவுக்கென விடப்படுகிறது.

தமிழ்நாட்டில் எல்லா மரத்தையும் உரியவர் தம் விருப்பம்போல் வெட்ட இயலாது. சந்தனம் பட்டா நிலத்திலேயே வளர்ந்திருந்தாலும் வனத்துறையின் வழியாகவே விற்றல் வேண்டும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. மதிலுக்கு வெளியே தெருவோரம் நிற்பதோ, வீட்டார் நீர் வார்த்து வளர்த்ததேயாயினும், அவர்தம் உடைமையன்று.

சுவரில் வெடிப்புக் கண்டவுடன் மரத்தின்மேல் பழி போடுவதும் முறையன்று. கடைகாலின் குறையும் காரணமாகலாம். கிளை கழித்தலே போதுமானதாகவும் இருக்கலாம். நற்றிணையின் 172ஆம் பாட்டில், தோழியர் மண்ணில் அழுத்தி விளையாடிய புன்னை விதை முளைத்து மரமாக, தாய் அதனை மகளுக்குத் தங்கை எனச் சொல்லி வளர்க்கிறாள். அதன் நிழலில் காதலனோடு பேசவும் அப்பெண் நாணுகிறாள். பகைவர் நாட்டை அழிக்கப் புகும் பாண்டியன் நன்மாறனிடத்தும், எது செய்யினும் காவல்மரத்தை வெட்டாதொழிக என்றே காரிக்கண்ணனார் வேண்டினார் என்பது புறநானூற்றின் 57ஆம் பாட்டால் அறியப்படும்.

வெட்டியே ஆகவேண்டிய நிலையும் வருவதுண்டு. வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில் அதற்கும் முறை வகுத்துள்ளார். பறவைக் கூடுள்ள மரத்தையும் கோயிலைச் சார்ந்த மரத்தையும் அவர் விலக்குகிறார். வெட்டத்தக்க மரத்திற்கு முதல்நாள் இரவு படையலிட்டு, அதில் உறையும் உயிர்கள் பிழைபொறுத்து வேறிடம் பெயர்ந்தருளுமாறு வேண்டி, மறுநாட் காலையில் வெட்டுதல் வேண்டும். மரம் கிழக்கிலோ வடக்கிலோ சாய்வது நன்று என்பர். இன்றும் அடிமரத்தில் மஞ்சளிட்டுக் கற்பூரம் ஏற்றிய பின்னரே கோடரி வைக்கும் மரமறுப்போர் உளர்.