சமூகப்பணி இளங்கலைப் பட்டம் (பி.எஸ்.டபிள்யூ.): முக்கியக் குறிப்புகள்

1. பட்டம் – அடிப்படை விவரங்கள்

• காலம்: 3 ஆண்டுகள், 6 பருவங்கள்
• பொதுவான தகுதி: 12-ஆம் வகுப்புத் தேர்ச்சி; பெரும்பாலான கல்லூரிகளில் எந்தப் பாடப்பிரிவும் ஏற்பு
• மேற்படிப்பு: எம்.எஸ்.டபிள்யூ. – 2 ஆண்டுகள்
• பல்கலைக்கழக மானியக் குழுவின் இளங்கலைக் கட்டமைப்பு (2022): 3 ஆண்டுப் பட்டம் – குறைந்தது 120 கிரெடிட், 4 ஆண்டு ஆனர்ஸ் – 160 கிரெடிட்
• ஆராய்ச்சியுடன் கூடிய ஆனர்ஸ்: முதல் 6 பருவங்களில் 75% மதிப்பெண் தேவை
• விரிவுரையில் 1 கிரெடிட் = பருவத்திற்கு 15 மணி நேரம்
• நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் சமூகப்பணிப் பாடக் குறியீடு: 10, இரண்டாம் தாள் – 100 வினாக்கள், 200 மதிப்பெண்கள்
• முதலாண்டு அடித்தளப் பாடங்கள்: சமூகவியல், உளவியல், சமூகப்பணி அறிமுகம்
• பட்டத்தின் முதுகெலும்பு: களப்பணி. வகுப்பறைத் தேர்ச்சி மட்டும் போதாது. களப்பணித் தேர்ச்சி தனிக் கட்டாயம்

2. வரையறைகள்

• உலக வரையறை: 2014 ஜூலை, மெல்போர்ன்
• ஏற்ற அமைப்புகள்: பன்னாட்டுச் சமூகப்பணியாளர் கூட்டமைப்பு, பன்னாட்டுச் சமூகப்பணிக் கல்வி நிறுவனங்களின் சங்கம்
• வரையறையின் சாரம்: நடைமுறை சார்ந்த தொழில் மற்றும் கல்விப்புலம், சமூக மாற்றம், வளர்ச்சி, ஒற்றுமை, மக்களின் ஆற்றல் பெருக்கம், விடுதலை
• மையக் கோட்பாடுகள் 4: சமூக நீதி, மனித உரிமை, கூட்டுப் பொறுப்பு, பன்முகத்தன்மைக்கு மதிப்பு
• ஃப்ரீட்லாண்டர்: அறிவியல் அறிவும் மனித உறவுத் திறனும் அடிப்படையான தொழில்முறைச் சேவை
• தொழிலின் மூன்று தூண்கள்: அறிவு, திறன், விழுமியம்
• பணிகள் 3: தீர்த்தல், தடுத்தல், வளர்த்தல்
• உலகச் சமூகப்பணி நாள்: மார்ச் மாத மூன்றாம் செவ்வாய்

3. உலக வரலாறு – ஆண்டுகள்

• 1601 – எலிசபெத் ஏழைகள் சட்டம், இங்கிலாந்து
• 1834 – புதிய ஏழைகள் சட்டம்
• 1869 – அறநிறுவன அமைப்புக் கழகம், லண்டன்
• 1877 – அமெரிக்காவின் முதல் அறநிறுவன அமைப்புக் கழகம், பஃபலோ
• 1884 – டாயின்பீ ஹால், லண்டன். சாமுவேல் பார்னெட், ஹென்ரியட்டா பார்னெட். குடியிருப்பு இல்ல இயக்கத்தின் தொடக்கம்
• 1889 – ஹல் ஹவுஸ், சிகாகோ. ஜேன் ஆடம்ஸ், எலன் கேட்ஸ் ஸ்டார்
• 1898 – நியூயார்க் கோடைகாலப் பயிற்சி. இன்றைய கொலம்பியா சமூகப்பணிப் பள்ளியின் வேர்
• 1899 – ஆம்ஸ்டர்டாம் சமூகப்பணிப் பயிற்சி நிறுவனம். உலகின் முதல் சமூகப்பணிக் கல்லூரி
• 1915 – ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் உரை, பால்டிமோர்: சமூகப்பணி ஒரு முழுத் தொழிலா என்ற வினா; அன்றைய விடை – இன்னும் இல்லை
• 1917 – மேரி ரிச்மண்ட், 'சோஷியல் டயக்னோசிஸ்'. ஃப்ளெக்ஸ்னர் வினாவுக்குப் பின் தொழிலுக்குக் கிடைத்த முதல் முறைநூல்
• 1928 – பன்னாட்டுச் சமூகப்பணிக் கல்வி நிறுவனங்களின் சங்கம், பாரிஸ்
• 1931 – ஜேன் ஆடம்ஸுக்கு அமைதிக்கான நோபல் பரிசு. பரிசு பெற்ற முதல் அமெரிக்கப் பெண். பகிர்ந்தவர் – நிக்கோலஸ் மரே பட்லர்
• 1955 – அமெரிக்கத் தேசியச் சமூகப்பணியாளர் சங்கம். 7 அமைப்புகளின் இணைப்பு
• 1960 – அச்சங்கத்தின் முதல் நெறிமுறைத் தொகுப்பு

4. இந்திய வரலாறு – முதன்மைகள்

• 1905 – இந்திய ஊழியர் சங்கம், புனே. நிறுவனர் கோபால கிருஷ்ண கோகலே
• 1926 – நாக்பாடா நெய்பர்ஹுட் ஹவுஸ், பம்பாய்; கிளிஃபோர்ட் மான்ஷார்ட்
• 1936 – சர் தொராப்ஜி டாட்டா சமூகப்பணிப் பட்டமேற்படிப்புப் பள்ளி, பம்பாய். இந்தியாவின் முதல் சமூகப்பணிக் கல்லூரி
• முதல் இயக்குநர்: கிளிஃபோர்ட் மான்ஷார்ட்
• அடுத்த இயக்குநர்: ஜே.எம். குமரப்பா, காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பாவின் சகோதரர்
• 1937 – முதல் குழந்தை வழிகாட்டல் மருத்துவமனை, அதே பள்ளியில்
• 1940 – 'இந்தியன் ஜர்னல் ஆஃப் சோஷியல் வொர்க்' இதழ்த் தொடக்கம்
• 1944 – டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் எனப் பெயர் மாற்றம். 1964 – நிகர்நிலைப் பல்கலைக்கழகம்
• 1946 – முதல் மருத்துவச் சமூகப்பணியாளர் நியமனம், ஜே.ஜே. மருத்துவமனை, பம்பாய்
• 1946 – தில்லி சமூகப்பணிப் பள்ளியின் தொடக்கம்
• 1947 – காசி வித்யாபீடத்தில் சமூகப்பணிக் கல்வி
• 1953 – மத்திய சமூக நல வாரியம். முதல் தலைவர் துர்காபாய் தேஷ்முக்
• 1955 – நிர்மலா நிகேதன் சமூகப்பணிக் கல்லூரி, மும்பை
• 1968 – இந்தியச் சமூகப்பணிக் கலைக்களஞ்சியம், முதல் பதிப்பு. வெளியீடு – திட்டக்குழு
• மானியக் குழுவின் மீளாய்வு அறிக்கைகள்: 1965, 1980, மாதிரிப் பாடத்திட்டம்: 2001

5. தமிழ்நாடு – நபர்கள், நிறுவனங்கள்

• 1952 – சென்னைச் சமூகப்பணிப் பள்ளி; நிறுவனர் மேரி கிளப்வாலா ஜாதவ்
• மேரி கிளப்வாலா ஜாதவ்: பிறப்பு 1909, உதகமண்டலம், மறைவு 1975, சென்னையின் முதல் பெண் ஷெரீஃப், பத்மஸ்ரீ 1955, பத்மபூஷண் 1968, பத்மவிபூஷண் 1975
• முத்துலட்சுமி ரெட்டி: அவ்வை இல்லம் 1930, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954
• டி.எஸ். சௌந்தரம், ஜி. ராமச்சந்திரன்: காந்திகிராமம் 1947, நிகர்நிலைப் பல்கலைக்கழகம் 1976
• சாரதா மேனன்: இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர், மனச்சிதைவு நோய்க்கான ஸ்கார்ஃப் நிறுவனம் 1984, சென்னை
• ஸ்நேகா: தற்கொலைத் தடுப்பு, சென்னை, 1986, லட்சுமி விஜயகுமார்
• தி பேனியன்: வீடற்ற மனநோயாளிப் பெண்களுக்கான இல்லம், சென்னை, 1993
• சுனிதி சாலமன்: இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிதல், சென்னை, 1986
• கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன்: லாஃப்டி (உழுவோர் விடுதலைக்கான நில அமைப்பு) 1981, ரைட் லைவ்லிஹுட் விருது 2008
• 1992 – தொட்டில் குழந்தைத் திட்டம், பெண் சிசுக்கொலைத் தடுப்பு, தொடக்கம் சேலம்
• 2001 ஆகஸ்ட் 6 – ஏர்வாடி மனநலக் காப்பகத் தீ விபத்து, இராமநாதபுரம் மாவட்டம். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் உட்பட 28 பேர் இறப்பு. காப்பகங்கள் மீதான கண்காணிப்பின் தேவைக்கு நிலையான எடுத்துக்காட்டு

6. ஆறு முறைகள்

• நேரடி முறைகள் 3: தனியாள் சமூகப்பணி, சமூகக் குழுப்பணி, சமுதாய அமைப்பாக்கம்
• துணை முறைகள் 3: சமூகநல நிர்வாகம், சமூகப்பணி ஆராய்ச்சி, சமூகச் செயல்பாடு
• நிர்வாகச் சூத்திரம்: போஸ்ட்கார்ப் – லூதர் குலிக், 1937, கூறுகள் 7: திட்டமிடல், அமைத்தல், பணியமர்த்தல், நெறிப்படுத்தல், ஒருங்கிணைத்தல், அறிக்கையிடல், நிதித்திட்டம்
• பிங்கஸ், மினாஹன் (1973) – 4 அமைப்புகள்: மாற்ற முகவர், சேவை நாடுநர், இலக்கு, செயல்

7. தனியாள் சமூகப்பணி

• படிநிலைகள்: ஏற்பு, ஆய்வு, கண்டறிதல், தீர்வுப்பணி, மதிப்பிடல், நிறைவு, பின்தொடர்தல்
• ஹெலன் ஹாரிஸ் பெர்ல்மன் (1957) – கூறுகள் 4: நபர், பிரச்சினை, இடம், செயல்முறை
• ஃபெலிக்ஸ் பீஸ்டெக் (1957) – ஏசு சபைத் துறவி. 'தி கேஸ்வொர்க் ரிலேஷன்ஷிப்'
• பீஸ்டெக் கொள்கைகள் 7:
– தனித்தன்மையை மதித்தல்
– நோக்கமுள்ள உணர்வு வெளிப்பாடு
– கட்டுப்பாடான உணர்வு ஈடுபாடு
– ஏற்றுக்கொள்ளல்
– தீர்ப்பிடா மனப்பான்மை
– தன்முடிவு உரிமை
– இரகசியம் காத்தல்
• இரகசியம் காத்தலின் வரம்பு: போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும்) சட்டம், பிரிவு 19 – குற்றம் குறித்து அறிந்தவர் புகாரளிப்பது கட்டாயம், தவறினால் பிரிவு 21 – 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும்
• ஃப்ளாரன்ஸ் ஹாலிஸ் (1964): உளசமூக அணுகுமுறை
• குடும்ப வரைபடம்: தலைமுறை உறவுகள், சூழல் வரைபடம்: குடும்பத்துக்கும் வெளியமைப்புகளுக்கும் உள்ள தொடர்பு (ஆன் ஹார்ட்மன்)

8. சமூகக் குழுப்பணி

• டக்மன் (1965) – நிலைகள் 4: உருவாதல், மோதல், நெறிப்படல், செயலாற்றல், 1977-இல் ஐந்தாம் நிலை: கலைதல்
• சமூகவரைவியல்: ஜேக்கப் மொரீனோ, குழுவுக்குள் ஈர்ப்பு, விலகல் அளவீடு
• டிரெக்கர் (1948), கிஸெலா கொனோப்கா (1963): குழுப்பணியின் அடிப்படை நூலாசிரியர்கள்
• முதன்மைக் குழு: சார்லஸ் கூலி, 1909, அகக்குழு, புறக்குழு: வில்லியம் சம்னர், 1906

9. சமுதாய அமைப்பாக்கம், சமூகச் செயல்பாடு

• மரே ராஸ் (1955): அமைப்பாக்கத்தின் செவ்வியல் வரையறை
• ஜாக் ராத்மன் (1968) – மாதிரிகள் 3: வட்டார வளர்ச்சி, சமூகத் திட்டமிடல், சமூகச் செயல்பாடு
• ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் (1969): குடிமக்கள் பங்கேற்பு ஏணி, 8 படிகள், கீழ்ப்படி – சூழ்ச்சிக்கு ஆட்படுதல், மேற்படி – குடிமக்கள் கட்டுப்பாடு
• சால் அலின்ஸ்கி: 'ரூல்ஸ் ஃபார் ரேடிகல்ஸ்', 1971
• பாவ்லோ ஃப்ரெய்ரே: விழிப்புணர்வாக்கம், கல்வியில் வங்கி முறைக்கு எதிர்ப்பு
• பங்கேற்பு ஊரக மதிப்பீடு: ராபர்ட் சேம்பர்ஸ், கருவிகள் – சமூக வரைபடம், வள வரைபடம், குறுக்கு நடை, பருவகால அட்டவணை, வென் வரைபடம், தரவரிசை

10. களப்பணி

• பரவலான நடைமுறை: வாரம் 2 நாள்கள், சுமார் 15 மணி நேரம்
• கூறுகள்: அறிமுகப் பயிற்சி, நிறுவனப் பார்வையிடல், தொடர் களப்பணி, ஊரக முகாம், தொகுப்புப் பயிற்சி
• மேற்பார்வை இரட்டை: கல்லூரி மேற்பார்வையாளர், நிறுவன மேற்பார்வையாளர்
• கலந்துரையாடல் 2: தனிக் கலந்துரையாடல், குழுக் கலந்துரையாடல்
• அறிக்கை வகைகள்: செயல்முறைப் பதிவு, சுருக்கப் பதிவு
• மேற்பார்வையின் பணிகள் 3: நிர்வாகம், கல்வி, ஆதரவு
• களங்கள்: மருத்துவமனை, மனநல மையம், பள்ளி, குழந்தைகள் இல்லம், முதியோர் இல்லம், தொழிற்சாலை, சிறை, குடிசைப்பகுதி, ஊராட்சி

11. ஆராய்ச்சி

• அளவை நிலைகள் 4: பெயரளவை, வரிசையளவை, இடைவெளியளவை, விகித அளவை (ஸ்டீவன்ஸ், 1946)
• நிகழ்தகவு மாதிரிகள்: எளிய சமவாய்ப்பு, முறைசார், படுகை, கொத்து
• நிகழ்தகவற்ற மாதிரிகள்: நோக்கம்சார், வசதிசார், ஒதுக்கீடு, பனிப்பந்து
• லைக்கர்ட் அளவுகோல்: 1932, மனப்பான்மை அளவீடு
• போகார்டஸ் அளவுகோல்: 1925, சமூகத் தொலைவு, 7 நிலைகள்

12. சட்டங்கள் – சமூகப்பணியாளரின் இடம்

• இளைஞர் நீதிச் சட்டம் 2015; நடைமுறை 2016 ஜனவரி 15; குழந்தை = 18 வயது நிறையாதவர்
• இளைஞர் நீதிக் குழுமம்: 1 நீதித்துறை நடுவர் + 2 சமூகப்பணியாளர்கள், சமூகப்பணியாளருள் ஒருவரேனும் பெண்
• குழந்தைகள் நலக் குழு: தலைவர் + 4 உறுப்பினர்கள், ஒருவரேனும் பெண்
• போக்சோ சட்டம் 2012. நடைமுறை 2012 நவம்பர் 14
• குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் 1958: நன்னடத்தை அலுவலர்
• குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005. நடைமுறை 2006 அக்டோபர் 26. பாதுகாப்பு அலுவலர், குடும்ப நிகழ்வு அறிக்கை
• பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டம் 2013: 10 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர் – உள்ளகக் குழு, தலைமை – பெண்
• பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007: மூத்த குடிமக்கள் = 60 வயது நிறைந்தோர்
• மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016: 21 குறைபாடுகள், 4% வேலை ஒதுக்கீடு, 1995 சட்டத்தில் 7 குறைபாடுகள், 3%
• மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017. நடைமுறை 2018 மே 29. பிரிவு 115 – தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாக அனுமானம். தண்டனைக்கு மாற்றாகப் பராமரிப்பு
• தொழிலாளர் நல அலுவலர்: முன்பு தொழிற்சாலைகள் சட்டம் 1948, பிரிவு 49 – 500 தொழிலாளர், இப்போது பணிப்பாதுகாப்புத் தொகுப்பு 2020 – 250 தொழிலாளர்
• நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு: நிறுவனங்கள் சட்டம் 2013, பிரிவு 135, சராசரி நிகர இலாபத்தில் 2%
• தன்னார்வ அமைப்புப் பதிவு: தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975, அறக்கட்டளைப் பதிவு, நிறுவனங்கள் சட்டம் பிரிவு 8
• உதவி எண்கள்: குழந்தைகள் 1098, பெண்கள் 181, முதியோர் 14567, மனநலம் 14416

13. தொழில் அங்கீகாரம்

• சமூகப்பணி முழுமைக்குமான தேசியச் சட்டமுறைப் பேரவை: இல்லை
• விளைவு: பட்டமற்றவரும் 'சமூகப்பணியாளர்' எனப் பெயரிட்டுக்கொள்ளத் தடையின்மை, சேவை நாடுநருக்குத் தரப் பாதுகாப்பின்மை
• பகுதி அங்கீகாரம்: தேசிய இணை மற்றும் நலவாழ்வுத் தொழிலர் ஆணையச் சட்டம் 2021, அட்டவணையில் மருத்துவ, மனநலச் சமூகப்பணியாளர்
• மனநலச் சமூகப்பணியாளர் தகுதி (2017 சட்டம்): முதுகலைச் சமூகப்பணி + 2 ஆண்டு முழுநேர எம்.ஃபில்.; இளங்கலை மட்டும் போதாது

14. குழப்பும் இணைகள்

• சமூக சேவை: விருப்பத்தால், பயிற்சி கட்டாயமில்லை | சமூகப்பணி: பயிற்சி, முறை, நெறிமுறை கட்டாயம்
• சமூக நலம்: திட்டங்களின் தொகுதி | சமூகப்பணி: அவற்றை மனிதரிடம் சேர்க்கும் தொழில்
• இரக்கம்: துயரைக் கண்டு வருந்துதல் | ஒத்துணர்வு: துயரை அவர் நிலையில் நின்று புரிதல்
• இளைஞர் நீதிக் குழுமம்: சட்டத்துடன் முரண்பட்ட குழந்தை | குழந்தைகள் நலக் குழு: பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை
• டாயின்பீ ஹால் 1884, லண்டன் | ஹல் ஹவுஸ் 1889, சிகாகோ
• உலகின் முதல் கல்லூரி: ஆம்ஸ்டர்டாம் 1899 | இந்தியாவின் முதல் கல்லூரி: பம்பாய் 1936
• தர்மம்: பெறுபவர் கடனாளி | சமூகப்பணி: பெறுபவர் உரிமையாளர்