உத்தனப்பள்ளியிலிருந்து மின்னேரியாவுக்கு: முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கு ஒரு வழிகாட்டி

ஓசூர் வட்டாரத்துப் பசுமைக்குடிலில் பறிக்கும் ரோஜா, காதலர் தினத்துக்குப் பெங்களூரு விமான நிலையம் வழியாக வெளிநாடு போகிறது. பறித்து அனுப்பியவர்களில் பலர் இன்னும் போகவில்லை. இப்போது டாடா எலக்ட்ரானிக்ஸ் சம்பளமும் சிப்காட் சம்பளமும் வீட்டுக்கு வரத் தொடங்கியபின், 'எங்கே போகலாம்' என்று கேட்கிறார்கள். துபாய், தாய்லாந்து என்று ஏஜெண்டுகள் பட்டியல் நீட்டுவார்கள். என்னைக் கேட்டால் முதல் பயணம் இலங்கையின் வறண்ட பகுதிக்குத்தான். அநுராதபுரம், பொலன்னறுவை என்ற இரண்டு பழைய தலைநகரங்களும் மின்னேரியா என்ற யானைக் காடும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பேருந்துப் பலகையில் தமிழும் இருக்கும். கடிகாரத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

டிக்கெட் விலையைப் பார்த்துத் தேதி குறிக்காதீர்கள். யானையைப் பார்த்துக் குறியுங்கள். மின்னேரியா குளத்தில் ஜூலை முதல் செப்டம்பர் வரை தண்ணீர் வற்றும். கரையில் முளைக்கும் இளம்புல்லைத் தேடி யானைகள் கூடும். நமக்கு அது ஆடி, ஆவணி. ராகி கதிர் பிடித்து, நம் சானமாவுக் காட்டுக்கு யானைக் கூட்டம் வந்து, பரண் மேல் உட்கார்ந்து காவல் காக்கும் நாட்கள் அதற்குப் பிறகுதான். ஆக, நிலம் வைத்திருப்பவர்களும் கிளம்பலாம்.

பௌர்ணமியை மட்டும் விலக்கிக்கொள்ளுங்கள். இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் பௌத்தர்களின் 'போயா' விடுமுறை. அன்று அநுராதபுரத்தில் நிற்க இடம் இருக்காது, அறை வாடகையும் ஏறும்.

பாஸ்போர்ட்

சாதாரண 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய். தட்கல் என்றால் கூடுதலாக 2,000. பணத்தைவிடப் பெயர்தான் சிக்கல். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்த ஊர் இது. ஆதாரில் ஒரு எழுத்துக்கோவை, பள்ளிச் சான்றிதழில் வேறொன்று என்பது இங்கே சாதாரணம். விண்ணப்பிக்கும் முன்பே இரண்டையும் ஒன்றாக்கிவிடுங்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியல் ஏற்கமாட்டார்கள்; விரித்து எழுத வேண்டும்.

கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண்கள் கவனிக்க: கடந்த ஓராண்டில் தங்கிய முகவரிகளை எல்லாம் விண்ணப்பத்தில் சொல்ல வேண்டும். ஒன்றை விட்டால் போலீஸ் விசாரணையில் கோப்பு நின்றுவிடும்.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் 'ஈசிஆர்' முத்திரை விழும். வளைகுடா போன்ற சில நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான் அது தடை. இலங்கைச் சுற்றுலாவுக்கு அதனால் ஒன்றுமில்லை.

அனுமதி, டிக்கெட், பணம்

இலங்கைக்கான 'ஈடிஏ' அனுமதியை அந்நாட்டுக் குடிவரவுத் துறையின் சொந்தத் தளத்தில் நீங்களே எடுத்துவிடலாம். கட்டணமும் சலுகையும் அடிக்கடி மாறுவதால் டிக்கெட் எடுக்கும் அன்றே பார்த்துவிடுங்கள். அதே மாதிரித் தோற்றத்தில் போலித் தளங்கள் உண்டு. முகவரியை எழுத்துக் கூட்டிப் படிப்பது நல்லது.

பெங்களூருவிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் இருக்கிறது. ஒன்றரை மணி நேரம்தான். இந்திய ரூபாயாக 25,000 வரை கையில் கொண்டுபோகலாம். 2024 பிப்ரவரி முதல் அங்கே யுபிஐ செல்லும். ஆனால் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஊரிலேயே இயக்கி வையுங்கள். யானைக் காட்டுக்குக் கூட்டிப்போகும் ஜீப்காரரிடமும் சாலையோரத் தேநீர்க் கடையிலும் நோட்டுதான் பேசும். சதுர முனை பிளக்குக்கு ஒரு அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

தேவனஹள்ளிக்குப் போகும் வழி

பயணத்தின் கடினமான பகுதி இதுதான், விளையாட்டாகச் சொல்லவில்லை. ஓசூர் பெங்களூருவுக்குத் தெற்கே, விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி வடக்கே. சில்க் போர்டு நெரிசலில் மாட்டினால் விமானம் உங்களுக்காக நிற்காது. காரில் போகிறவர்கள் ஓசூரிலிருந்து பாகலூர், மாலூர், ஒசகோட்டை வழியாகத் தேவனஹள்ளி போனால் நகரத்துக்குள் நுழையாமலே போய்விடலாம். எலக்ட்ரானிக் சிட்டியில் விமான நிலையப் பேருந்து பிடிப்பவர்கள் பயணத்துக்கே நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். சர்வதேசப் பயணிகளுக்கு இரண்டாம் முனையம்.

இறங்கியதும் வடக்கே

கட்டுநாயக்க விமான நிலையம் கொழும்புக்கு வடக்கே இருக்கிறது. நாம் போகவேண்டியதும் வடக்கேதான் என்பதால் கொழும்புக்குள் போய்த் திரும்புவது வீண். நேரே அநுராதபுரம் போங்கள்.

அங்கே ஜேதவனராமய தூபியைத் தவறவிடாதீர்கள். முழுக்கச் செங்கல், ஒரு காலத்தில் 122 மீட்டர் உயரம். மன்னன் மகாசேனன் தொடங்கிய வேலை. மின்னேரியா குளத்தை வெட்டியவனும் அவனே. தமிழ் மன்னன் எல்லாளன் ஆண்டதும் இந்த நகரத்தில்தான். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். செருப்பையும் தொப்பியையும் வெளியே விட வேண்டும். மதிய வெயிலில் கல்தளம் சுடும் என்பதால் காலுறை கொண்டுபோங்கள். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி செல்ஃபி எடுப்பது அங்கே வழக்குவரை போகக்கூடிய குற்றம். நுழைவுச்சீட்டு வாங்கும்போது அசல் பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள். சார்க் நாட்டவருக்குக் கட்டணம் பாதி.

கடைவீதியில் வழி கேட்க வேண்டுமா? முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் தமிழில் கேளுங்கள், பதில் தமிழிலேயே வரும்.

அடுத்து பொலன்னறுவை, சுமார் 100 கிலோமீட்டர், பேருந்து உண்டு. ராசராச சோழனின் மெய்க்கீர்த்தி அடுக்கும் வெற்றிகளில் நம் தகடூர்ப் பக்கத்து நுளம்பபாடியும் இருக்கிறது, ஈழமண்டலமும் இருக்கிறது. அநுராதபுரத்தை வீழ்த்திய சோழர்கள் தலைநகரைப் பொலன்னறுவைக்குக் கொண்டுவந்து சனநாதமங்கலம் என்று பெயரிட்டார்கள். முதலில் 'இரண்டாம் சிவாலயம்' என்று குறிக்கப்படும் கோயிலுக்குப் போங்கள். பழைய பெயர் வானவன்மாதேவி ஈச்சுரம், ராசராசனின் அரசி பெயரில். சுற்றிலும் செங்கல் கட்டடங்கள் இடிந்து கிடக்க, இந்தச் சின்னக் கற்கோயில் மட்டும் அடி முதல் முடி வரை நிற்கிறது. சுவரில் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. கொஞ்சம் பொறுமை இருந்தால் சில எழுத்துகளை நீங்களே கூட்டிவிடலாம். ஊருக்கு அருகே பராக்கிரம சமுத்திரம். ஏரியைக் கண்டால் காலை நனைப்பது நம் பழக்கம், அங்கே வேண்டாம். இலங்கைக் குளங்களில் முதலை உண்டு.

காட்டுக்குள்

மின்னேரியாவுக்கு ஹபரணையில் தங்கி, பிற்பகல் ஜீப்பில் போவது வழக்கம். வாடகை பேசுமுன் ஒன்று கேளுங்கள்: யானைகள் இன்று எந்தக் காட்டில்? குளத்தில் தண்ணீர் கூடினால் கூட்டம் பக்கத்துக் கவுடுல்லைக்கு நகர்ந்துவிடும். ஓட்டுநர்களுக்கு அது தெரியும். வாடகையில் பூங்காக் கட்டணமும் அடங்குமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். சிறுத்தைதான் வேண்டும் என்பவர்கள் அநுராதபுரத்தில் இருக்கும்போதே வில்பத்துக் காட்டுக்கு ஒரு முழுநாள் ஒதுக்கலாம், கண்ணில் படும் என்று யாரும் உறுதி தரமாட்டார்கள்.

உத்தனப்பள்ளிக்காரருக்கு யானை தெரியும். ஆனால் பட்டாசோடும் டார்ச்சோடும் இரவில் விரட்டித் தெரியும். அந்தப் பழக்கத்தை ஹபரணையிலேயே விட்டுவிடுங்கள். கத்தல், விசில், பிளாஷ் எதுவும் கூடாது. ஓட்டுநர் கூட்டத்துக்குள் வண்டியை நுழைத்தால், தள்ளி நிறுத்தி இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்த அறிகுறிகள் அங்கேயும் செல்லும்: காது விரிந்து நிற்பது, வால் விறைப்பது, காலால் மண்ணைக் கிளறுவது.

ஒரே ஒரு விஷயத்தில் கணக்கு மாறும். நம் பக்கம் தந்தத்தைப் பார்த்து ஆண் என்கிறோம். இலங்கையில் ஆண்களிலும் பெரும்பாலானவற்றுக்குத் தந்தம் இல்லை. நாம் மக்னா என்பது அங்கே வழக்கமான உருவம். தந்தம் இல்லையே, பெண்தான் என்று நெருங்கிவிடாதீர்கள். கன்னத்தில் மதநீர் வழிகிறதா பாருங்கள்.

இருட்டியபின் ஹபரணை–பொலன்னறுவைச் சாலையில் ஆட்டோவோ இருசக்கர வண்டியோ வேண்டாம், யானை கடக்கும் சாலை அது. அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் எண் 1990, போலீஸ் 119.

திரும்பும்போது

தேயிலை வாங்குங்கள், மசாலா வாங்குங்கள். பசுமைக்குடில் வைத்திருப்பவர்களுக்கு அழகான செடியைக் கண்டால் ஒரு துண்டு ஒடித்துப் பெட்டியில் போட்டுக்கொள்ளக் கை துறுதுறுக்கும். இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் செடி, விதை, மண் எதையும் கொண்டுவர முடியாது. பெங்களூருவில் பிடித்துக்கொள்வார்கள்.