போகும்போது மூன்றேகால், வரும்போது ஐந்தேமுக்கால்!

கொழும்பிலிருந்து டுபாய்க்கு எத்தனை மணித்தியாலப் பயணம் என்று கேட்டால், நம்மில் பலர் பயணச்சீட்டை எடுத்து இறங்கும் நேரத்திலிருந்து புறப்படும் நேரத்தைக் கழித்துச் சொல்வார்கள். 2008இல் நானும் அப்படித்தான் கழித்தேன். அதனால் எனது காசோலை ஒன்று திரும்பியது.

அன்று காலை 10.00க்கு கட்டுநாயக்கவில் புறப்பட்டு, பகல் 1.15க்கு டுபாயில் இறங்கினேன். மூன்றேகால் மணித்தியாலம் என்று மனதில் பதிந்துவிட்டது. திரும்பும் விமானம் காலை 9.00க்கு. 12.15க்கு இறங்கி, 3 மணிக்கு வங்கி மூடுமுன் பணத்தை வைப்பிலிடலாம் என்ற நம்பிக்கையில், புறக்கோட்டை மொத்த வியாபாரி ஒருவருக்கு அன்றைய திகதியிட்டுக் காசோலை கொடுத்திருந்தேன். விமானம் இறங்கியது 2.45க்கு! தாமதம் எதுவும் இல்லை. சீட்டில் அச்சாகியிருந்த நேரமும் அதுதான். பார்க்காதது என் தவறு. அந்த வியாபாரி மீண்டும் எனக்குக் கடனுக்குச் சரக்குத் தர ஒரு வருடம் சென்றது.

சரியான கணக்கு இதுதான். சீட்டில் உள்ள நேரங்கள் அந்தந்த ஊர் நேரங்கள். இலங்கை நேரம் டுபாயைவிட ஒன்றரை மணித்தியாலம் முந்தியது. (1996 ஒக்டோபர் முதல் 2006 ஏப்ரல் வரை இரண்டு மணித்தியாலமாக இருந்தது. பழைய ஆட்கள் சிலர் இன்னும் அதையே சொல்வதுண்டு.) ஆகவே போகும்போது ஒன்றரையைக் கூட்ட வேண்டும்: மூன்றேகால், நாலேமுக்கால் ஆகும். வரும்போது ஒன்றரையைக் கழிக்க வேண்டும்: ஐந்தேமுக்கால், நாலேகால் ஆகும்.

இரு விமானநிலையங்களுக்கும் இடையே நேர்த்தூரம் சுமார் 3,290 கிலோமீற்றர். மணிக்கு 850 கிலோமீற்றர் வேகத்தில் நான்கு மணித்தியாலத்திற்குச் சற்றுக் குறைவு. ஓடுபாதைக்குச் செல்வதற்கும், மேலே ஏறி இறங்குவதற்கும் இன்னும் அரை மணித்தியாலம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தூரம் ஒன்றாயிருக்க வரும் பயணம் ஏன் குறைகிறது? விமானங்கள் பறக்கும் உயரத்தில், குறிப்பாக நம் வருட முடிவு, வருட ஆரம்ப மாதங்களில், அரேபியா, வட இந்தியா பக்கமாக மேற்கிலிருந்து கிழக்கே பலத்த காற்று வீசும். போகும்போது அது எதிர்க்காற்று. வரும்போது முதுகில் தள்ளும் காற்று.

ஆனால் வியாபாரிக்கு ஆகாய நேரம் மட்டும் போதாது. மூன்று மணித்தியாலம் முன்பே விமானநிலையத்தில் நிற்க வேண்டும். இறங்கிய பின் குடிவரவு, பொதி, சுங்கம் என்று இன்னும் ஒரு மணித்தியாலமாவது போகும். 2013இல் அதிவேகப் பாதை திறந்தபின் கொழும்புக்கு வருவது இலகுவானாலும், நகருக்குள் நெரிசல் இருக்கவே செய்கிறது. நள்ளிரவைத் தாண்டும் விமானமென்றால் திகதியையும் பாருங்கள்.

எனவே இறங்கும் நாளில் காசோலைத் திகதி போடாதீர்கள். அடுத்த வேலை நாளுக்குப் போடுங்கள். ஒரு நாள் தவணை கேட்பதில் வெட்கமில்லை. காசோலை திரும்பினால் போகும் பெயரை மீட்க வருடங்கள் எடுக்கும்.