அலரி வளர்ப்போம், அவதானமாக வளர்ப்போம்

சைவர்களின் வழிபாட்டில் அலரி மலருக்குத் தனி இடம் உண்டு. வடமொழியில் இதனைக் கரவீரம் என்பர். திருவாரூருக்கு அண்மையில் உள்ள, திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற தலத்திற்குத் திருக்கரவீரம் என்றே பெயர். அதன் தலவிருட்சமும் அலரியே.

மட்டக்குளி, களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்தை அண்டிய ஊர். உப்புக் காற்றும் கடும் வெயிலும் பல பூச்செடிகளை வாட்டிவிடும். அலரியோ இரண்டையும் தாங்கி நிற்கும். செவ்வலரியையும் வெள்ளலரியையும் வளர்ப்பது எளிது. பென்சில் தடிப்புள்ள கிளையில் ஒரு சாண் நீளத் துண்டை வெட்டி, அடியிலைகளை அகற்றி, மணலும் கூட்டெருவும் கலந்த மண்ணில் நட்டு நிழலில் வைக்க வேண்டும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் வேர் பிடிக்கும். பின்னர் நல்ல வெயில் படும் இடத்திற்கு மாற்ற வேண்டும். நிழலில் நின்றால் பூ குறைந்துவிடும்.

மேல்மண் காய்ந்த பின்னரே நீர் ஊற்ற வேண்டும். வளவு இல்லாத வீடுகளில் பெரிய சாடியிலும் வளர்க்கலாம். ஆனால் சாடியின் அடித்தட்டில் நீர் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும். பூக்கள் புதுத் தளிரின் நுனியில் வருவதால், பூத்து முடிந்த கிளைகளைக் கத்தரித்துவிட வேண்டும். தளிரில் மஞ்சள் நிறச் சிறு பூச்சிகள் மொய்த்தால் நீரை வேகமாகப் பாய்ச்சிக் கழுவினாலே போதும்.

இனி முக்கியமான விடயத்திற்கு வருவோம். அலரியின் இலை, பூ, பால், வேர் யாவும் நஞ்சு. அமெரிக்க வெப்பவலயத்திலிருந்து வந்த மஞ்சள் அலரி வேறு இனமாயினும் அதுவும் நஞ்சே. அதன் விதை மிகக் கொடியது. இருதயத் துடிப்பைக் குழப்பி உயிரைப் போக்கவல்லது. 1980களிலிருந்து நம் நாட்டில் பல உயிர்கள் இதனால் பிரிந்துள்ளன. கேரளத்தில் 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவசம் சபை, நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்ப்பதைத் தடைசெய்தது. அங்கு அரளி என்பதும் நமது அலரியே.

ஆகவே அடியார்கள் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் நன்று.

1. அலரிப்பூவை அர்ச்சனைக்கும் மாலைக்கும் மட்டும் பயன்படுத்துக. தீர்த்தத்திலோ பிரசாதத் தட்டிலோ இடலாகாது.

2. சிறுவர் விளையாடும் இடத்தில் மஞ்சள் அலரியை நடவேண்டாம். விழுந்த காய்களை உடனே பொறுக்கி அகற்றுக.

3. பூப்பறித்த பின்னும் கிளை வெட்டிய பின்னும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. வெட்டிய கிளைகளை எரிக்கவோ ஆடு மாடுகளுக்குப் போடவோ கூடாது.

4. பிள்ளைகள் தவறுதலாக உண்டுவிட்டால் கைவைத்தியம் பார்த்து நேரம் கடத்தாது, 1990 இலக்கத்திற்கு அழைத்து வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. உண்ட இலையையோ காயையோ உடன் எடுத்துச் செல்வது வைத்தியருக்கு உதவும்.

நஞ்சைக் கண்டத்தில் அடக்கி உலகைக் காத்தவன் எம்பெருமான். அவனுக்கு உகந்த மலரை அவன் திருவடியில் சேர்த்து, அதன் நஞ்சு பிள்ளைகளை அணுகாது காப்பது அடியார்களின் கடனாகும்.