திருமணமும் பிரசாவுரிமையும்

இலங்கையில் பிரசாவுரிமையை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் ஒழுங்குபடுத்துகின்றது. அது பரம்பரை, பதிவு ஆகிய இரு வழிகளில் கிடைக்கும்.

உதாரணம்: 1990இல் போர் காரணமாக அச்சுவேலியிலிருந்து தமிழகம் சென்ற பெண்ணொருவர், அங்கு மனைவியை இழந்த இந்தியப் பிரசை ஒருவரை மணந்தார். அவருக்கு முதல் மனைவி மூலம் ஒரு மகன் உண்டு. 2005இல் இருவருக்கும் மகள் பிறந்தாள். பின்னர் நால்வரும் ஊர் திரும்பினர் எனக் கொள்வோம்.

1. மகள்: முன்னர், திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தந்தை வழியாகவே பரம்பரைப் பிரசாவுரிமை கிடைத்தது. 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தாய் வழியையும் ஏற்றது. ஆனால் வெளிநாட்டுப் பிறப்பை ஓராண்டுக்குள் இலங்கைத் தூதரகத்திலோ கொழும்பிலோ பதிதல் வேண்டும். தகுந்த காரணமிருப்பின் இக்காலம் நீடிக்கப்படலாம்.

2. கணவர்: திருமணத்தால் மாத்திரம் பிரசையாக மாட்டார். வதிவிட விசாவுடன் ஓராண்டு இங்கு வசித்த பின் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். விசாக் காலம் கடந்து தங்குவது குற்றமாகும். இந்தியா இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை என்பதால், இலங்கைப் பிரசையானதும் இந்தியக் குடியுரிமையை இழப்பார்.

3. கணவரின் மகன்: அவனைப் பெற்றவர்கள் இலங்கைப் பிரசைகள் அல்லர். மாற்றாந்தாய் வழியாகப் பரம்பரை உரிமை கிடைக்காது. எனவே அவனுக்கும் விசா அவசியம்.

நினைவிற் கொள்க: ஒரே வீட்டில் வாழ்ந்தாலும் ஒவ்வொருவரதும் சட்டநிலை வேறு. உரிய காலத்தில் பதிந்தால் மட்டுமே உரிமை உறுதியாகும்.

பயிற்சி: 2003ஆம் ஆண்டின் திருத்தம் பால்நிலைச் சமத்துவத்துக்கு எவ்வாறு உதவியது? இரு வசனங்களில் விளக்குக.