மருந்து போடுமுன் எறும்பைப் பாருங்கள்

ஐப்பசி அடைமழை தொடங்கிவிட்டால் நம் தஞ்சைப் பகுதி மளிகைக் கடைகளில் வெல்லச் சிப்பத்தையும் சர்க்கரை மூட்டையையும் எறும்பு மொய்ப்பது வாடிக்கை. புற்றுக்குள் தண்ணீர் இறங்கியதும் அவை மேடு தேடுகின்றன. வெல்லமும் ஈரக்காற்றில் கசிந்து நிற்கிறது. நாமும் கைக்குக் கிடைத்த மருந்தை அடித்து விடுகிறோம். ஆனால் ஓர் எறும்புக்குச் சரியான வைத்தியம் இன்னோர் எறும்புக்கு வினையாக முடியும்.

கட்டெறும்பு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதன் புற்று வெளியே மரத்தடியில் இருக்கும். பெரும்பாலும் இரவில்தான் வரும். வரும் பொந்தைச் சிமெண்டு வைத்து அடைத்தால் போதும்.

நீண்ட காலும் மீசையுமாகத் தாறுமாறாக ஓடும் சின்னக் கறுப்பு எறும்பைப் பிள்ளையார் எறும்பு என்று கும்பிட்டு விட்டுவிடுகிறோம். கடிக்காது என்பது உண்மைதான். ஆனாலும் சரக்கில் மொய்த்தால் நஷ்டம் நமக்கே.

கொட்டினால் தீப்பட்டது போல் எரியும் செவ்வெறும்பு எண்ணெய்ப்பசையுள்ள சரக்கை விரும்பும். நிலக்கடலை, எள், கருவாடு விற்பவர்கள் கவனிக்க வேண்டும். ஒரே சாரையில் சின்னதும், பெருந்தலையுள்ள பெரியதும் கலந்து போகும். இது அமெரிக்கக் கண்டத்து எறும்பு. 16ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவின் அகாபுல்கோவிலிருந்து மணிலா போன ஸ்பானிய வணிகக் கப்பல்கள் வழியாக ஆசியாவுக்குள் பரவியதாக ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். சரக்கோடு எறும்பும் ஊர்விட்டு ஊர் போவது அன்றே தொடங்கிவிட்டது!

நமக்குப் பெரிய தொல்லை, 2 மில்லிமீட்டர் அளவே உள்ள வெளிர்மஞ்சள் சிற்றெறும்புதான். எகிப்து மன்னர்களின் பட்டப்பெயரால் இதைப் பாரோ எறும்பு என்பார்கள். சுவர் வெடிப்பு, சுவிட்ச் பெட்டி, மடித்து வைத்த சாக்கு என்று எங்கும் குடியிருக்கும். ஒரு கூட்டத்தில் பல ராணிகள் உண்டு. மருந்தை அடித்ததும் கலைந்து, ராணியையும் குஞ்சுகளையும் தூக்கிக்கொண்டு நாலு இடத்தில் புதுக் குடித்தனம் வைக்கும். “மருந்தடித்த பிறகுதான் எறும்பு கூடிப்போச்சு” என்று வாடிக்கையாளர் குறைப்படுவது பெரும்பாலும் இதனால்தான்.

இதற்கு இரை வைப்பதே வழி. 100 மில்லி தண்ணீரில் 10 கிராம் சர்க்கரையும் 1 கிராம் போரிக் பவுடரும் கரைத்து, பஞ்சில் நனைத்து, மூடியில் ஊற்றி, சாரை போகும் சுவரோரம் வைக்கவும். பவுடரைக் கூட்டினால் வேலைக்கார எறும்பு வழியிலேயே செத்துப்போகும், ராணிக்கு மருந்து போய்ச் சேராது. இரண்டு மூன்று வாரம் பொறுக்க வேண்டும். கடையடைத்த பின் வைத்து, காலையில் எடுத்துவிடவும். குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது. கரைத்த பாத்திரத்தை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள்.

மஞ்சளாக இருந்தாலும், இரண்டு மடங்கு நீளமும் நெடுங்கால்களுமாக வெறிபிடித்தது போல் ஓடினால் அது வேறு இனம். 2022இல் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் அருகே கரந்தமலை அடிவாரக் கிராமங்களில் கால்நடைகளையும் குடியானவர்களையும் வாட்டியது அதுதான். கொட்டாது, அமிலத்தைப் பீய்ச்சும். மரம், மண், சாக்கு வழியாகப் பரவும். வெளியூர் லோடு இறக்கும்போது மூட்டையின் அடிப்பக்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள்.

பழைய கடைகளில் மூலையில் கமாக்சின் பவுடர் கிடக்கக்கூடும். பி.எச்.சி. 1997இலேயே தடை செய்யப்பட்டது. அதைத் தொடவே வேண்டாம். எறும்பு சாக்பீஸ் விற்பவர்கள், பதிவு எண் அச்சிடாத சரக்கை எவ்வளவு மலிவாக வந்தாலும் வாங்காதீர்கள். பருப்பு, மாவு இருக்கும் அலமாரியில் அந்தக் கோட்டை இழுக்கவும் கூடாது. பூச்சி மொய்த்த பண்டம் பாதுகாப்பற்ற உணவு என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். மருந்து கலந்த பண்டமும் அப்படியே. இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர்.

சாரை போன தடத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தால் வாசனை அழிந்து பின்வருபவை வழி தவறும். வெல்லச் சிப்பத்தைச் சுவரை ஒட்டாமல் மரப்பலகை மீது ஏற்றி, பலகையின் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைப்பது நம் பெரியவர்கள் காலத்து ஏற்பாடு. இன்றும் அதற்கு இணையில்லை. அந்தத் தண்ணீரை மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும்.